ஊதா மருந்து பூசிய வலை

தலைவரே, நீங்கள் வலையைத் தொட்டீர்கள். அன்றைக்கு இல்லையென்றீர்கள். இன்றைக்கு அச்சடித்தே இல்லையென்கிறீர்கள்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலரில் ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. அதில் உங்கள் படத்துக்குக் கீழே, "பெண் நடுவர் ஒருவரின் தவறான தீர்ப்பினால் எமது அணி இறுதிப் போட்டியில் கிண்ணத்தை இழந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. கிண்ணம் என்பதே பொய். பரிசு ஒரு கிடாய் ஆடு. வெள்ளைக் கிடாய், நெற்றியில் கறுப்புப் பொட்டு. அதை இழந்தோம் என்பது மட்டும் உண்மை.

அந்தப் "பெண் நடுவர் ஒருவர்" யார் என்று இப்போது விளையாடுகிற இளைஞர்களுக்குத் தெரியாது. அது உங்களுக்கு வசதி. நான் மேசன் வேலை செய்கிறவன், வளைத்து எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஊருக்கு வந்த அரசாங்க மருத்துவிச்சி. எல்லாருக்கும் மிஸ்ஸி. வீடு வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். எங்கள் ஊர் இந்தப் பக்கம், படுவான்கரை. தினமும் காலையில் பாதையில் ஏறி வருவார். பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. சைக்கிள், மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தடி ஊன்றித் தள்ளுகிற பெரிய மிதவையை. அந்தக் காலத்தில் அந்தக் கரையில் ஆமி, இந்தக் கரையில் இயக்கப் பொடியன்கள். மிஸ்ஸி இரண்டு பக்கத்தாருக்கும் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். கறுத்த, குள்ளமான, அகலமான பெண். பின் காரியரில் மருந்துப் பெட்டி, முன் கூடையில் குழந்தை நிறுக்கிற தராசு. விசில் பிறகுதான் கழுத்தில் ஏறியது.

அது ஏறிய கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கரப்பந்து மைதானம் வாவி ஓரத்தில் வெட்டவெளியில் இருந்தது. உதவாமல் போன இறால் வலையை இரண்டாக மடித்து, மேல் விளிம்புக்குச் சேலைக்கிழிசல் வைத்துத் தைத்து, இரண்டு தென்னங்குற்றிகளில் கட்டியிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: வலை ஆடினால் பிழை. யார் ஆட்டியது என்று யாரும் கேட்பதில்லை. ஆடும்போது வலைக்குக் கிட்ட எவன் நிற்கிறானோ அவன் குற்றவாளி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வலை நிற்காமல் ஆடும். ஒரு செட் முடிய மூன்று சண்டை வரும்.

இதில் கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். தங்கள் பக்கம் தோற்கிறதென்றால், கம்பத்தடியில் குந்தியிருக்கும் ஓர் ஆள் முதுகு சொறிவதுபோல் கம்பத்தில் உரசுவான். வலை குலுங்கும். "நெட்டு! நெட்டு!" என்று நூறு தொண்டை கத்தும். தலைவரே, நீங்களே நல்ல உரசல்காரர். உங்கள் முதுகுத் தழும்பு இப்போதும் இருக்கும்.

ஒரு நாள் பின்னேரம் இப்படி ஒரு சண்டை தெருவரைக்கும் வந்துவிட்டது. கிளினிக் முடித்து வந்த மிஸ்ஸியால் சைக்கிளைக் கொண்டுபோக முடியவில்லை. இறங்கினார். உடைந்த இரண்டு மண்டைகளைப் பிடித்து வேலியோரம் இருத்தி, பஞ்சை எடுத்தார்.

"என்னத்துக்கடா அடிபட்டீங்க?"

"நெட்டு ஆடினது மிஸ்ஸி."

"ஆர் தொட்டது?"

"ஆரும் தொடல்ல. ஆனா ஆடினது."

மிஸ்ஸி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பெட்டியே கவிழப் பார்த்தது. "அப்ப காத்தப் புடிச்சி அடிக்கிறதுக்கு என்ன? இவன்ட மண்டை என்னடா செஞ்சது?"

அடுத்த கிழமை விசிலோடு வந்தார். பயிற்சிக் காலத்தில் விடுதிக்காகக் கரப்பந்து ஆடியவராம். உயரம் போதாதென்று, யாரோ ஒருத்தியின் உரலைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி நின்றார். ஒரு ஈர்க்குக் குச்சியால் மணலைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

"கேளுங்கடா. நெட்டு ஆடினா பிழையில்ல. நீ தொட்டாத்தான் பிழை. பந்து வேகமா வந்து நெட்டத் தள்ளி, நெட்டு வந்து உன்னில பட்டா அது உன்ட குத்தமில்ல. பந்து செத்த பிறகு நீ நெட்டுல தொங்கினாலும் எனக்குக் கவலையில்ல. ஆனா பந்து உசிரோட இரிக்கக்குள்ள ஒரு விரல்நுனி பட்டாலும் ஊதுவன்."

"கால் மிஸ்ஸி?"

"நடுக்கோட்டத் தாண்டி முழுப் பாதமும் அங்கால போனாப் பிழை. குதிக்கால் கோட்டுல இரிந்தா இரிக்கட்டும், விடு. மறுகா, மத்தவன் பந்த அடிக்க முந்தி அவன்ட பக்கத்துக்குள்ள கையப் போட்டுப் பந்தத் தொடப்படாது. அவன் அடிச்சாப் பிறகு போடலாம்."

ஒருவன் கேட்டான்: "மிஸ்ஸி, இது வேலிச் சண்டைச் சட்டம் மாதிரி இரிக்கே?"

"ஓம். உன்ட முருங்கைக் கொப்பு அடுத்த வளவுக்குள்ள போயிரிக்கு, அதயும் போய் வெட்டு."

அவ்வளவுதான். ஊர் மாறியது. ஆனால் ஆண்களுக்கு முன் பெண்கள் படித்துவிட்டார்கள். கிளினிக்கில் குழந்தை நிறுக்க வரிசையில் நிற்கிற தாய்மாருக்கு மிஸ்ஸி இதையே சொல்லிக்கொடுப்பார். தராசு கட்டிய கயிறுதான் வலை, மருந்துப் போத்தலின் மூடிதான் பந்து. ஆட்ட நாளில் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்று, சொந்தப் புருசனையே காட்டிக்கொடுப்பார்கள். "கால் உள்ளுக்குப் போயிற்று மிஸ்ஸி! நான் கண்ட!" என்று ஒருத்தி கத்தினாள். அவன் அன்றிரவு பட்டினி கிடந்தானா, அவள் கிடந்தாளா என்று தெரியாது. மிஸ்ஸி தலையை ஆட்டினார்: "நானும் கண்டன் புள்ள. ஆனா குதிக்கால் கோட்டுல இரிந்தது. சும்மா கத்தாத."

அவருடைய கண் வலையில் நிற்காது. எல்லாரும் வலையைப் பார்ப்போம், அவர் கையைப் பார்ப்பார். கைக்குப் பிறகு முகத்தைப் பார்ப்பார். தொட்டவன் தானாகவே கையைத் தூக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. விசில் ஊதமுன் கையைத் தூக்கியவனுக்கு ஆட்டம் முடிந்ததும் முதல் தண்ணீர் கொடுப்பார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பரிசுபோலத்தான், ஆனால் முப்பது வயது ஆண்கள் அந்தத் தண்ணீருக்குப் போட்டிபோட்டார்கள்.

தூக்காதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கும் சிரங்குக்கும் பூசுகிற ஊதா மருந்து இருக்கிறதே, அதில் காயாமல் இருக்க எதையோ கலந்து, வலையின் மேல் விளிம்பில் பஞ்சால் தடவிவிடுவார். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் தடவுவார். அதற்கு முன் பன்னிரண்டு பேரும் வாளித் தண்ணீரில் கை கழுவிக் காட்ட வேண்டும்; பழைய கறை யாருக்கு எங்கே என்று அப்போதே பார்த்துவைப்பார். தொட்டவனுக்கு ஊதா ஒட்டும். ஒரு கிழமைக்குப் போகாது.

"அரசாங்க மருந்த நெட்டுக்குப் பூசுறீங்களே மிஸ்ஸி?"

"உங்கட மண்டைக்குப் பூசினா இதவிடக் கூடச் செலவாகும்."

ஒரு மாப்பிள்ளை ஊதாக் கையோடு தாலி கட்டினான். ஐயர் அது ஏதும் தோசமோ என்று கேட்டார். பெண்ணின் தகப்பன், "இல்லை ஐயா, நெட்டு" என்றார்.

அந்த ஊதாவால் நானும் ஒரு முறை மாட்டினேன். அந்தக் கரைக்குப் போன இடத்தில் செக்பொயின்றில் ஆமிக்காரன் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். முகம் மாறியது. அந்த நாளில் கையில் எந்த நிறம் இருந்தாலும் பயம்தான். என்னைத் தனியே நிறுத்தினான். வரிசையில் பின்னால் நின்ற மிஸ்ஸி சைக்கிளோடு முன்னால் வந்தார்.

"வொலிபோல். நெட் டச்," என்று சொல்லி, என் கையைப் பிடித்து வானத்தில் தூக்கி, கற்பனை வலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆமிக்காரன் அவரைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பிக் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். வந்தவர்கள் சிரித்தார்கள். தங்கள் காம்பிலும் இதே சண்டையாம். உடைந்த தமிழில் ஒருவன் கேட்டான்: "நோனா, போஸ்ட் தொட்டா? போஸ்ட்?"

"போஸ்ட் நெட் இல்ல. ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாட்டி, பரவாயில்ல."

அவன் பக்கத்தில் நின்றவனின் தோளில் குத்தினான். ஏதோ பந்தயத்தில் வென்றுவிட்டான் போல. அதற்குப் பிறகு மிஸ்ஸி போகும்போதெல்லாம் அவர்கள் ஒவ்வொரு சட்டமாய்க் கேட்டார்கள். என் கையை விட்டுவிட்டார்கள்.

எங்கள் கரையிலும் அவர் அப்படித்தான். ஒரு நாள் இயக்கப் பொடியன் ஒருவன் துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டு ஆட்டத்துக்குள் வந்தான். நல்ல அடிகாரன். இரண்டாவது அடியிலேயே நெஞ்சால் வலையை இடித்தான். எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். மிஸ்ஸி ஊதினார்.

அவன் சொன்னான்: "எனக்கா?"

"பின்ன எனக்கா? துவக்கு வச்சிரிக்கிறவனுக்கு வேற நெட்டா கட்டிரிக்கி?"

அவன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நெஞ்சில் ஒரு ஊதாக் கோடு. பிறகு சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினான். அன்றைக்கு முதல் தண்ணீர் அவனுக்குத்தான் கிடைத்தது.

அவர் மைதானத்துக்கு வெளியிலும் இதே ஆள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்துமா ஒரு வீட்டில் மட்டும் கிழமைக்குள் முடிந்தது. மிஸ்ஸி போய்ப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் மரம் பிளந்துகொண்டிருந்த புருசனின் முகத்தைப் பார்த்தார். "தொட்டயா?" அவன் கோடரியை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். மீசையில் மா இருந்தது.

தன்னையும் விடமாட்டார். ஒரு ஆட்டத்தில் நான் வலையைத் தொட்டதாக ஊதிவிட்டார். நான் தொடவில்லை. கத்தினேன், பயனில்லை. இரண்டு சேர்விஸ் போனபின், திடீரென்று உரலில் இருந்து இறங்கி நடுவில் வந்தார். "இவன் தொடல்ல. முழங்கையக் கண்டு கை எண்டு நினைச்சிட்டன். அந்த முழங்கை மத்தவன்ட. என்ட பிழை. போயிண்டத் திருப்பி எடுக்கிறன்." சட்டப்படி அப்படித் திருப்ப முடியாது என்று அன்றைக்கு எதிரே ஆடிய உங்கள் பக்கத்து ஆள் ஒருவன் சொன்னான். "அப்ப அந்தப் பிழையும் என்ட," என்றார். இதே பெண், ஒரு பிள்ளையின் நிறையைக் கிளினிக் அட்டையில் பிழையாய் எழுதிவிட்டோமென்று மழைக்குள் மூன்று மைல் திரும்பி வந்து வெட்டி எழுதிவிட்டுப் போனவர். பிள்ளைக்கு அதனால் ஒரு கூடுதல் குறைவும் இல்லை.

இப்போது அந்த இறுதிப் போட்டிக்கு வருகிறேன், தலைவரே.

சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த ஞாயிறு. எங்கள் ஊருக்கும் எழுவான்கரை அணிக்கும். அவர்கள் பாதையில் நான்கு தடவையாக வந்து இறங்கினார்கள். கிடாய் புளியமரத்தில் கட்டியிருந்தது. நீங்கள் எங்கள் அணித் தலைவர், எனக்கு அக்காவின் புருசன். அக்கா காலையிலேயே கறித்தூள் இடித்து வைத்துவிட்டா. அவ்வளவு நம்பிக்கை. எழுவான்கரைக்காரர்கள் மிஸ்ஸி தங்கள் கரையில் குடியிருக்கிறவர் என்று சந்தோசப்பட்டார்கள்; நாங்கள் எங்கள் கிளினிக் மிஸ்ஸி என்று சந்தோசப்பட்டோம். மிஸ்ஸி இரண்டு பக்கத்தாரின் நகத்தையும் பார்த்து, அழுக்கு என்று திட்டிவிட்டு உரலில் ஏறினார்.

ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் அவர்களுக்குப் பதினான்கு, எங்களுக்குப் பதின்மூன்று. சேர்விஸ் அவர்களுடையது. அவர்களின் நெட்டையன் எழும்பி அடித்தான். நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் எழும்பினோம். பந்து உங்கள் கையில் பட்டு நேரே அவர்கள் பக்கம் விழுந்து மணலில் புதைந்தது. எங்கள் சனம் துள்ளியது. ஆட்டம் இன்னும் முடியவில்லை, ஆனாலும் ஒருவன் கிடாயின் கயிற்றை அவிழ்க்கவே ஓடினான்.

விசில் கேட்டது. மிஸ்ஸி வலையின் விளிம்பைக் காட்டி, பிறகு உங்களைக் காட்டினார்.

"பந்துதான் நெட்டத் தள்ளினது மிஸ்ஸி!" என்றீர்கள்.

"பந்து நெட்டுல படவேயில்ல மனே. உன்ட கையில பட்டு அங்கால விழுந்தது."

"அப்ப காத்து!"

"காத்துக்கு நான் எப்பயாவது ஊதியிரிக்கனா?"

உங்கள் வலது மணிக்கட்டில் ஊதா இருந்தது. எழுவான்கரைக்காரன் ஒருவன் அதைக் காட்டிக் கத்தினான். நீங்கள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "இது முந்திப் பட்டது. பந்து செத்தாப் பிறகு. அது பிழையில்ல எண்டு மிஸ்ஸிதானே சொல்லித்தந்த," என்றீர்கள். அவர் படிப்பித்த சட்டத்தை எடுத்து அவருக்கே வீசினீர்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மிஸ்ஸி உரலில் நின்றபடியே குனிந்தார். "ஊதா மருந்து உங்கட நம்பிக்கைக்குத்தான். அது எப்ப ஒட்டினது எண்டு மருந்து சொல்லாது. எனக்கு என்ட கண் காணும். ஆனா உன்ட வாயால கேக்கணும். தொட்டயா, இல்லையா?"

நீங்கள், "இல்ல," என்றீர்கள்.

அவர் உங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நான் கண்டன். பதினஞ்சு," என்று நீளமாய் ஊதிவிட்டு இறங்கினார். எங்கள் பக்கத்துக் கிழவி ஒருத்தி, "கோட்டையும் மிதிச்சிரிக்கான், அத ஏன் விட்டீங்க?" என்று கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிடாய் பாதையில் ஏறிப் போனது. போகும்போது எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. அக்கா அந்தக் கறித்தூளில் பலாக்கொட்டை சமைத்தா.

அத்தோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெட்டிசன் எழுதினீர்கள், சுகாதாரப் பெரிய ஒபிசுக்கு. மூன்று குற்றச்சாட்டு. வேலை நேரத்தில் மைதானத்தில் நிற்கிறார் என்பது ஒன்று. அரசாங்க மருந்தை வலைக்குப் பூசுகிறார் என்பது இரண்டு. அவை இரண்டும் உண்மை, அவரே மறுக்கமாட்டார். மூன்றாவதாக, இந்தக் கரைக் கதையை அந்தக் கரைக்குக் காவுகிறார், உளவு சொல்கிறார் என்று எழுதினீர்கள். அந்த நாட்களில் ஓர் ஆளை முடிக்க அந்த ஒரு வரி போதும். பெட்டிசன் தவறி யாருடைய கைக்குப் போயிருந்தாலும், எந்தக் கரையிலாவது ஒரு காலை மிஸ்ஸியின் சைக்கிள் மட்டும் கிடந்திருக்கும்.

எங்கள் அதிர்ஷ்டம், அந்த ஒபிசர் நல்ல மனிதர். மிஸ்ஸியைக் கூப்பிட்டு, இனி வாவியைக் கடக்க வேண்டாம் என்று சொல்லி எழுவான்கரைத் துறையடிக் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார். எங்கள் ஊருக்கு எட்டு மாதம் மருத்துவிச்சி இல்லை. வலை மறுபடியும் காற்றுக்கு ஆடத் தொடங்கியது. மண்டைகள் உடைந்தன. கட்டுவதற்கும் ஆள் இல்லை.

மார்கழியில் அக்காவுக்கு வலி கண்டது. வெள்ளம். வயல்வட்டை முழுவதும் தண்ணீர், ஆசுபத்திரி ரோடு கண்ணுக்கே தெரியவில்லை. விடிந்ததும் முதல் பாதையில் அக்காவை வண்டிலோடு ஏற்றினோம். நீங்களும் நானும் தடிக்காரரோடு சேர்ந்து ஊன்றினோம். நீங்கள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டீர்கள். மண்டூர் முருகனிலிருந்து களுதாவளைப் பிள்ளையார் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. அந்தக் கரைத் துறையில் மிஸ்ஸி சைக்கிளோடு நின்றார், வேலைக்குப் போகிற நேரம். உங்கள் முகத்தைக் கண்டார். வண்டிலைக் கண்டார். சைக்கிளை அப்படியே தண்ணீருக்குள் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

கிளினிக் வரைக்கும் நேரமில்லை. மீன் நிறுக்கிற கொட்டிலில் பாய் விரித்தார். முன்பக்கம் மறைப்பு இல்லை. ஒரு சீலையைத் தூக்கி எங்கள் கையில் தந்தார்.

"ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நிண்டு அங்கால பார்த்துக்கொண்டு புடிங்க. உசத்திப் புடிங்கடா! கை தாழுது, கை தாழுது!"

"எவ்வளவு நேரம் மிஸ்ஸி?" என்று கேட்டீர்கள்.

"உனக்குக் கை நோகுதா? உள்ளுக்கு வந்து அவள்ட்டக் கேளு."

உள்ளே அக்கா அழுவதை விட்டுச் சிரித்துவிட்டா. சரியாக அந்தச் சிரிப்புக்குப் பிறகு பிள்ளையின் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. சீலை கீழே விழுந்ததும் எங்களுக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடித்து, பிள்ளையை நிறுத்து, அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்தபின் மிஸ்ஸி வாவியில் குனிந்து கை கழுவினார். நீங்கள் பக்கத்தில் போய் அழுதுகொண்டு நின்றீர்கள். பெட்டிசனைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கையை உதறிவிட்டுக் கேட்டார்:

"இப்ப சொல்லு மனே. அண்டைக்கு நெட்டத் தொட்டயா, இல்லையா?"

"தொட்டன் மிஸ்ஸி."

"எதால?"

"வலது கை. மணிக்கட்டு."

"அதத்தான் நானும் கண்ட. உங்கட சனத்துக்கிட்டயும் இதச் சொல்லுவயா?"

"சத்தியமாச் சொல்றன் மிஸ்ஸி."

"சரி. போய்ப் புள்ளயத் தூக்கு. தலையத் தாங்கிப் புடி."

பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு முகம்தான். "உன்ட கையெழுத்து வடிவா இரிந்தது மனே. ஒபிசர் காட்டினவர். மூணாவதா நீ போட்டிரிந்தாய்." தண்ணீருக்குள் கிடந்த சைக்கிளைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கித் துடைத்துக் கொடுத்தேன். செயினுக்குள் பாசி சுற்றியிருந்தது. அதை எடுக்கிற சாட்டில் நிமிராமலே நின்றேன்.

நீங்கள் சொல்லவில்லை, மச்சான். ஊருக்குத் திரும்பிப் பிள்ளை பிறந்த சந்தோசத்தில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தீர்கள், இதைச் சொல்லவில்லை. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்கு நடந்தது, கோயில் கூட்டங்கள் நடந்தன, சண்டை முடிந்தது, நீங்கள் கழகத் தலைவரானீர்கள். ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவின் முகத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தப் பொய்யை மலரில் அச்சடித்தும் விட்டீர்கள்.

மலர் வந்த அன்று மிஸ்ஸிக்குப் போன் பண்ணினேன். ஓய்வுபெற்று, வேறு ஊரில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"கிண்ணமா? கிடாயெல்லோ!" என்று சிரித்தார். பிறகு, "விடு மனே. இப்ப நெட்டு என்ன உசரத்தில கட்டுறானுகள்? நடுவில தொய்யுதா? இப்ப சேர்விஸ் நெட்டுல பட்டு விழுந்தாலும் சரியாமே, மெய்யா?" என்று கேட்டார். அரைமணி நேரம் சட்டம் பேசினார். உங்கள் மகளைக் கேட்டார். அவள் பிறந்தபோது இருந்த நிறையை இப்போதும் சரியாகச் சொன்னார். உங்கள்மேல் ஒரு வார்த்தை கோபமில்லை.

அவர் விட்டுவிட்டார். நான் விடுவதாயில்லை.

அடுத்த மாதம் புதிய மைதானம் திறக்கிறீர்கள். இரண்டு கரைச் சனமும் வரும், உங்கள் மகளும் முன் வரிசையில் இருப்பாள், மைக் உங்கள் கையில் இருக்கும். என்னுடையதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டிசனில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கதை காவுகிறார் என்பது பொய் என்று தெரிந்துகொண்டே போட்டேன். ஒரு கிடாய்க்காகப் போட்டேன். யார் வேண்டுமானாலும் என் முகத்துக்கு நேரே திட்டலாம்.

இனி நீங்கள். வீட்டுக்கு வந்து என்னோடு தனியாகக் கதைக்க வேண்டாம். அக்காவைத் தூது அனுப்ப வேண்டாம். செயலாளரைக்கொண்டு கடிதம் எழுதுவிக்கவும் வேண்டாம். நான் மேடைக்கு நேரே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நிற்பேன். மிஸ்ஸியின் பெயரை முழுதாகச் சொல்லி, எல்லாருக்கும் கேட்க, மைக்கில் பதில் சொல்லுங்கள்: தொட்டீர்களா, இல்லையா?